கராத்தே, சிலம்பம், களரி: பயிற்சியில் மனசு நின்ற (அல்லது ஓடிய) தருணம், உங்கள் அனுபவம்?

நீலப்பட்டை:
மாவட்டக் கராத்தே போட்டி, குமித்தே (இருவர் மோதும் சண்டை). எதிரே நின்றவன் விட்ட கியாகு சுகி (பின்கைக் குத்து) என் நெஞ்சில் சுத்தமாக விழுந்தது. ‘தப்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது. விட்ட கையோடு திரும்பி, ஓரத்தில் நின்ற தன் கூட்டாளிகளைப் பார்த்துக் கையை உயர்த்தினான். புள்ளி கொடுக்க நடுவர்களின் ஒரு கொடிகூட எழவில்லை. ஸான்ஷின் இல்லையே! அடித்த பிறகும் கவனம் எதிராளி மேலேயே இருக்க வேண்டும் என்பது உலக கராத்தே சம்மேளனம் புள்ளிக்கு வைத்திருக்கும் 6 அளவுகோல்களில் ஒன்று. அவன் முகம் தொங்கிப்போனது, நான் ஜெயித்தேன். ஆனால் அந்த அடி விழுந்தது எனக்குத் தெரியுமே. மெடலைப் பார்த்தாலே உறுத்துகிறது. வகுப்பு முடிவில் மொகுசோ என்று கண்ணை மூடி அமைதியாக உட்காருகிறோமே, அது இதற்குத்தானா?

கம்பு வீச்சு:
எங்களுக்கு மொகுசோ எல்லாம் கிடையாது. சிலம்பம். ஆசான் எங்களுக்கு முதுகைக் காட்டித் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பிரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன், ஒரு சுற்றும் தப்பவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், “என்ன தம்பி, வீட்டுக்குப் போயிட்டியா?” என்றார். காலேஜ் ஃபீஸை அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்! கம்பு காற்றை அறுக்கும் சத்தத்தை வைத்தே சொன்னாராம். நீங்களும் கேட்டுப் பாருங்கள், மனசு நகர்ந்ததும் அந்த ‘விர்’ சீராக இருக்காது. அதனால் நீலப்பட்டை, தனியாகக் கண்ணை மூடி உட்காருவது வீண் வேலை என்பேன்.

கோஜு மாமா:
வீண் வேலையா? உங்கள் ஆசானுக்குக் காது இருந்தது. எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? நான் சாஞ்சின் (மூச்சைக் கட்டுப்படுத்தி மெதுவாகச் செய்யும் கராத்தே அசைவு வரிசை) செய்யும்போது மாஸ்டர் பின்னால் வந்து இரண்டு தோளிலும் பளாரென்று தட்டுவார். தட்டு வலிக்காது, அது எப்போது வரும் என்று காத்திருந்ததில் மூச்சு நின்றதுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. சரி, இளையவர்களுக்குச் சில விஷயங்கள். செருப்பைக் கழற்றும்போதே போனை அணைத்துவிடுங்கள். சாஞ்சினில் கையை எண்ணாதீர்கள், மூச்சை எண்ணுங்கள். கோஜு ரியு என்ற கராத்தே பாணியில் மூச்சு சத்தமாக வரும், உவேச்சி ரியு பாணியில் அவ்வளவு சத்தம் இருக்காது. யூடியூபில் இரண்டையும் பார்த்துக் கலக்காதீர்கள். பிடிபடாவிட்டால் உள்ளங்கால் தரையை எப்படிப் பிடிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். கொசு கடித்தால் கடிக்கட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். வகுப்பு முடிந்ததும் உடனே பைக்கை எடுக்காமல் கொஞ்சம் நில்லுங்கள். இதையெல்லாம் ஒரு வருஷம் செய்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள், வீண் வேலையா இல்லையா என்று.

கம்பு வீச்சு:
மாமா, நான் கேட்டேனா?

மல்லிகா_களரி:
இரண்டு பேரும் கண்ணை மூடுவதை ஏதோ எளிதான காரியம் போலவே பேசுகிறீர்கள். களரிக்கு வருவதற்கு முன் நான் கராத்தே வகுப்பில் இருந்தேன். வரிசையில் நான் மட்டும்தான் பெண். “மொகுசோ!” என்றதும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். பின்னால் யாரோ நகர்ந்த சத்தம் கேட்டது. பாய் உரசும் சத்தம்தான், வேறொன்றுமில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்து உள்ளங்கை வேர்த்துவிட்டது. அமைதி எங்கே வந்தது? கண்ணைத் திறந்துகொண்டேன். “மனசு நிக்கலைன்னா உனக்கு இது சரிப்படாதும்மா” என்றார் மாஸ்டர். களரியில் வலது காலை வைத்து இறங்கி, தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மெய்தாரி (உடற்பயிற்சி வரிசை) ஆரம்பித்தால், ஆசான் சொல்லும் வாய்த்தாரிக்கு, அதாவது வாய்மொழிக் கட்டளைக்கு, காதைக் கொடுத்தாக வேண்டும். கண் திறந்தேதான் இருக்கும். அங்கே ஒரு நாளும் அந்தப் படபடப்பு வந்ததில்லை. அந்த மாஸ்டர் சொன்னதை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

நீலப்பட்டை:
அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

கோஜு மாமா:
உண்மைதான் மல்லிகா. ஜென் தியானத்திலேயே கண்ணை முழுசாக மூடுவதில்லை, பாதி திறந்து பார்வையைத் தரையில் வைப்பார்கள். அந்த மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், மண்டியிட்டு உட்கார்ந்து முழங்கால் வலித்தால் சம்மணம் போடலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.