லண்டன்–நியூயார்க்: போக 8 மணி நேரம், வர 7. ஏன்?

கணக்குப்புலி:
லண்டனிலிருந்து நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். வகுத்தால் 6 மணி 10 நிமிடம். டிக்கெட்டில் 8 மணி நேரம் என்று இருக்கிறது. தாமதமாகக் கிளம்பினாலும் நேரத்துக்கு வந்துவிட்டதாகக் காட்டத்தான் கூட்டிப் போடுகிறார்கள் என்பேன்.

மேகவழி:
திரும்பி வரும் டிக்கெட்டையும் பாருங்கள். அதே தூரம், 7 மணி நேரம்தான். கூட்டிப் போடுவது மட்டுமே காரணமென்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாமா? காற்றுதான் காரணம். அட்லாண்டிக்குக்கு மேலே, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. நீங்கள் சொன்ன 900 காற்றைப் பொறுத்த வேகம், தரைவேகம் வேறு. ஒரு குளிர்காலத்தில் போகும்போது இருக்கைத் திரையில் 770 என்று பார்த்தேன். ஐந்து நாள் கழித்துத் திரும்புகையில் அதே கடல்மேல் 1,060! 2020 பிப்ரவரியில், சியாரா புயல் சமயம், ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது. தரைவேகம் 1,300ஐத் தாண்டியது.

ஜன்னலோரம்:
பூமி கிழக்கு நோக்கித்தானே சுற்றுகிறது? அப்போது மேற்கே போகும் விமானத்தை நோக்கி நியூயார்க்கே நகர்ந்து வருமே. நேரம் குறையத்தானே வேண்டும்?

மேகவழி:
காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடும் ரயிலுக்குள் முன்பக்கம் நடந்தாலும் பின்பக்கம் நடந்தாலும் அடுத்த பெட்டிக்குப் போக ஒரே நேரம்தான். ஆனால் சுழற்சிக்கு வேறு வகையில் பங்கு உண்டு. வெப்பமண்டலத்திலிருந்து துருவப் பக்கம் நகரும் காற்றைக் கிழக்கே திருப்புவது அதுதான்.

கணக்குப்புலி:
சரி, காற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட மாட்டேன். காற்று 120 என்று வைப்போம். போகும்போது தரைவேகம் 780, ஆகவே 7 மணி 7 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க ஒரு முக்கால் மணி. கிட்டத்தட்ட 8 வந்துவிட்டது. வரும்போது 1,020, அதற்கு 5 மணி 27 நிமிடம். முக்கால் மணி சேர்த்தாலும் 6 மணி 12தான். 7 என்கிறார்கள். மிச்சம் 48 நிமிடம்?

மேகவழி:
அதில் உபரி நேரம் இருக்கிறது, உண்மை. ஏமாற்று என்பதைத்தான் மறுக்கிறேன். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இரண்டே ஓடுபாதைகள். இரவெல்லாம் பறந்து வரும் அமெரிக்க விமானங்கள் காலையில் மொத்தமாக வந்து சேரும். இறங்க முறை வரும்வரை வானத்திலேயே வட்டமடிக்கும். கோடையில் காற்றும் தளர்ந்துவிடும். அட்டவணையோ பல மாதம் முன்பே போடப்படுவது.

கணக்குப்புலி:
அப்படியானால் பறக்க இவ்வளவு, காத்திருக்க இவ்வளவு என்று பிரித்துப் போடட்டும். இறங்கி அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவருக்கு 48 நிமிடம் சின்ன விஷயமில்லை.

மேகவழி:
பிரித்துப் போட்டால் காற்று மாறும் நாளெல்லாம் அந்த எண் தப்பாகிவிடும். கிளம்பும் முன் விமானி அறிவிப்பில் ஒரு பறக்கும் நேரம் சொல்வார், கவனித்திருக்கிறீர்களா? அன்றைய காற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. அடுத்த முறை குறித்துவைத்து டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.