பீட்டர் துரைக்கு ஒரு முழம் மல்லிகை

மதுரைக் கோயில் அனுபவம் என்றால் பெரும்பாலும் மீனாட்சியில் தொடங்கி அழகரில் முடித்துவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இரண்டுக்கும் நடுவில் கிடப்பவை பற்றி. போன தை மாதம் என் அத்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். அத்தைக்கு 74 வயது, திருச்செந்தூர்ப் பக்கம். ரயிலை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டாள்: “எய்யா, மீனாச்சியப் பாக்கணும். அப்புறம் அந்த வெள்ளைக்காரத் துரையப் பாக்கணும்.”

எந்தத் துரை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரௌஸ் பீட்டர், 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டர். ஒரு மழை இரவில் சிறுமி ஒருத்தி வந்து கையைப் பிடித்து வெளியே இழுத்தாளாம்; அவர் வெளியே வந்ததும் மாளிகைமேல் இடி விழுந்ததாம். வெறுங்காலோடு ஓடிய அந்தப் பிள்ளை கோயில் பக்கம் போய் மறைந்தாள் என்பது மதுரையில் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. கதை எப்படியோ, அம்மனின் குதிரை வாகனத்துக்கு அவர் கொடுத்த தங்க அங்கவடிகள், அதாவது குதிரை ஏறுகிறவர் கால் வைக்கும் வளையங்கள், நிஜம். மாணிக்கமும் மரகதமும் வைரமும் பதித்தவை, இன்றும் கோயிலில் இருக்கின்றன. பீட்டர் பாண்டியன் என்றே ஊர் அவரைக் கூப்பிட்டது.

சனிக்கிழமை காலை அம்மன் தரிசனம். 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போனால் மனம் நன்றாகவே ஒட்டுகிறது. பொற்றாமரைக் குளத்துப் படியில் அத்தை உட்கார்ந்திருந்தபோது 1939 ஜூலை 8 பற்றிச் சொன்னேன். சுதந்திரப் போராட்டக்காரர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலரோடு இந்தக் கோயிலுக்குள் நுழைந்த நாள் அது. “அதுவரைக்கும் விடலியா?” என்றாள். அவள் பிறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்னால்தான் என்பது அவளை ரொம்ப நேரம் பேசவிடவில்லை.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான், கீழவெளி வீதியில் மாதா கோயில். இப்போது நிற்கிற கட்டடம் 1916இல் முடிந்தது. இரட்டைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். வியாகுல அன்னை பேராலயம் என்று பலகையைப் படித்தேன். “வியாகுலம்னா?” என்று கேட்டாள். துக்கம், பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா என்றேன். அத்தையும் பறிகொடுத்தவள்தான், என் அத்தான் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மெழுகுவர்த்தியோடு வந்த ஓர் அம்மா அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கையிலிருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். திரி பற்றிக்கொள்ளும் வரை அத்தையின் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

மதியத்துக்கு மேல் வைகையைத் தாண்டி கோரிப்பாளையம் தர்கா. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேலே இருக்கிற குவிமாடம் ஒரே கல், அழகர் மலையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பாண்டியர் காலத்துக் கொடையை 1573இல் மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர் உறுதிசெய்த கல்வெட்டும் இந்தத் தர்காவுக்கு உண்டு. அழகர் மலைக் கல் என்றதும் அத்தைக்கு இடம் பழகிவிட்டது. வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் கை நிறையச் சர்க்கரை கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

துரை அடங்கியிருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் சனிக்கிழமை சாயங்காலம் பூட்டிக் கிடந்தது. “நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் வாங்கய்யா, காட்டுறோம்” என்றார் காவலாளி. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அத்தை விடவில்லை, மறுநாள் டிக்கெட்டைச் சாயங்கால ரயிலுக்கு மாற்றச் சொன்னாள். ஞாயிறு விடியற்காலை மறுபடி அம்மன் சன்னதி. வரும் வழியில் ஒரு முழம் மதுரை மல்லி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பீட்டரை அடக்கம் செய்த இடத்தின் மேல்தான் 1881இல் இந்த ஆலயத்தைக் கட்டினார்கள். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கூட்டிப்போய், “அவர் இங்கதாம்மா இருக்கார்” என்று காட்டினார். அத்தை பூவை எடுத்துவிட்டுத் தயங்கினாள். “வைக்கலாமாய்யா? அம்மன் கோயில் வாசல்ல வாங்குனது.”

“வைங்கம்மா. அவரும் அந்த அம்மாவுக்கு வேண்டியவர்தானே.”

குனிய முடியாத முழங்காலோடு குனிந்து வைத்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள்.

வெளியே வந்தபின் கோயில்பிள்ளை தானாகவே சொன்னார். சித்திரைத் திருவிழாவில் அம்மன் குதிரை வாகனத்தில் வரும் அன்றைக்கு அவரும் குடும்பத்தோடு போவாராம். “அங்கவடி நமக்குச் சரியாத் தெரியாதும்மா, கூட்டம் அப்படி. இருந்தாலும் போயிருவேன்.”

“எங்க நின்னா தெரியும்?” என்று அத்தை கேட்டாள்.

“மாசி வீதி முக்குல. வெயில் தாழ்றதுக்கு முன்னாடியே வந்து இடம் பிடிச்சுருங்க.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். சித்திரைக்கு டிக்கெட் போட்டாயிற்று.