மடிக்கணினிக்குள் ஒரு பல்லி

போன ஆடி மாதம். கோயில் திருவிழா வரவு செலவை எழுத உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "மேசைக்கு அடியில பல்லி சொல்லுது, எந்தத் திசைன்னு பாரு" என்றார். பல்லி சொன்னால் பலன் பார்க்கிற வீடு எங்களுடையது. குனிந்து பார்த்தேன், பல்லியைக் காணோம். டிக், டிக், ஒரு இழுவை, மறுபடி டிக். மடிக்கணினியில் இடது உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதை ஒட்டியதும் விளங்கிவிட்டது. பல்லி உள்ளேதான் இருந்தது.

2012இல் வாங்கியது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதாவது வட்டு, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிற ரகம். ஒரு மாதமாகவே மந்தம். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி கலக்கி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வயசாகிவிட்டது, என்னைப்போலத்தான் என்று விட்டுவிட்டேன்.

கோயில் கணக்குக்கு அச்சுப் பிரதி இருக்கிறது, அது போனால் போகட்டும். ஆனால் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டம் விலைபோய், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடிப்பதற்கு முந்தின வாரம் நான் எடுத்த படங்களும் அதில்தான் இருந்தன. ரப்பர்ப் பால் நிறுக்கிற கொட்டகை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகை, கடைசி லயத்து வாசலில் காயப்போட்ட கைலி. அப்புறம் பாட்டி பாடிய ஒப்பாரி, 14 நிமிடம். பாட்டி 2016இல் போய்விட்டார். வேறு எங்கும் நகல் இல்லை. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்குக் கணினி பார்த்துக்கொடுத்த மனுஷன் நான், என் வீட்டு லட்சணம் இது.

வட்டின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் எச்சரிக்கை. சி5 என்ற வரிசையில் 38 என்று இருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின், அதாவது வட்டின் சின்னச் சின்னத் துண்டுகளின், எண்ணிக்கை அது. 500 ஜிபியில் 38 என்ன பெரிது என்று தூங்கப் போய்விட்டேன். மறுநாள் அதே இடத்தில் 1ஏ8. எண்ணுக்கு நடுவில் எழுத்து எப்படி வந்தது? அப்போதுதான் உறைத்தது. அந்த மென்பொருள் பதினாறின் அடிப்படையில் எண் காட்டுகிறது, ஒன்பதுக்கு மேல் ஏ, பி என்று எழுத்து வரும். நேற்றைய 38 நம் கணக்கில் 56. இன்றைய 1ஏ8, 424. ஒரே ராத்திரியில்.

பதறிப்போய்ப் பட்டணத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தவுக்கே, கடை முதலாளி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "போலே, போலே", முடியும் முடியும் என்றார். ராத்திரி முழுக்க விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட விட்டிருக்கிறார். வட்டைக் கடைசிவரை தடவிப் படித்து, கெட்ட இடத்தை ஒதுக்குகிற வேலை அது. நல்ல வட்டுக்குச் சரி. மூச்சு வாங்குகிற வட்டை மலையேறச் சொன்ன கதையாகிவிட்டது. காலையில் விண்டோஸ் திறக்கவே இல்லை. எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் பண்ணிடலாமா என்று கேட்டார். 50 வெள்ளியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவரைத் திட்டித் தீர்த்தேன்தான், ஆனால் யோசித்தால் தப்பு என் பேரில். "கணினி ஓட வேண்டாம், உள்ளே இருப்பது மட்டும் வேண்டும்" என்று நான் சொல்லவே இல்லை. அவர் கணினியை ஓட வைக்கப் பார்த்தார்.

தங்கச்சி மகன் ஈப்போ பாலிடெக்னிக்கில் படிக்கிறான். விஷயத்தைக் கேட்டதும், "மாமா, இனிமே அதைத் திறக்காதீங்க, நான் வந்துடுறேன்" என்றான். வந்து எட்டு ஆணியைக் கழற்றி வட்டை வெளியே எடுத்து, ஒரு யூஎஸ்பி கேபிளில் மாட்டினான். தன் மடிக்கணினியைப் பென்டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் திறந்து, டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட விட்டான். அவன் விளக்கிய விதம் பிடித்திருந்தது. கோப்பு கோப்பாக இது எடுப்பதில்லை. வட்டை அப்படியே இன்னொரு வட்டுக்குப் படியெடுக்கும். படிக்க முடியாத இடம் வந்தால் மல்லுக்கு நிற்காமல் தாண்டிப் போய், முதலில் நல்லதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். பால்மரக் காட்டில் காலையில் நல்ல மரங்களில் பால் வெட்டி முடித்துவிட்டு, பட்டை செத்த மரத்துக்குக் கடைசியில் போகிற மாதிரி என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தலையாட்டினார்.

மேசை விசிறியை வட்டின் பக்கம் திருப்பி வைத்தோம். சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கம்போல இடி. பையன் நிதானமாக நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கினான். எதுவரை படித்தது, எதை விட்டது என்று ஒரு சின்னக் கோப்பில் குறித்துவைத்துக்கொள்ளுமாம். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இப்படி மூன்று நாள். பல்லிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்பார்.

முடிவில் 31 எம்பி மட்டும் வரவில்லை. இரண்டு படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். பாட்டியின் பாட்டில் ஒன்பதாவது நிமிடத்தில் 40 வினாடி வெறும் மௌனம். மற்றதெல்லாம் வந்துவிட்டது.

கூலிம் பக்கத்திலிருந்து ஒரு பதில்

அண்ணே, உங்களுக்காவது மருமகன் இருந்தான். எனக்கு யாரோ சொன்னார்கள், வட்டைப் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று. வைத்தேன். எடுத்து மேசையில் வைத்த இரண்டாம் நிமிடமே தண்ணிப் புட்டி மாதிரி வேர்த்துக் கொட்டியது. நம் ஊர்க் காற்றின் ஈரம் அப்படி. படிக்கிற முனைக்கும் தட்டுக்கும் நடுவில் சில நானோமீட்டர் இடைவெளிதான், அதில் ஒரு சொட்டு ஈரம் போதும். மாட்டியதும் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மகளின் தமிழ்ப்பள்ளிப் படங்கள் ஆறு வருடத்தவை அதோடு போயின. யாரும் செய்யாதீர்கள்.

தெலுக் இந்தானிலிருந்து இன்னொரு பதில்

முதல் எச்சரிக்கை வந்த அன்றே படியெடுத்திருந்தால் அந்த 40 வினாடியும் தப்பியிருக்கலாம். 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பரப்பில் பிழை முதன்முதலாகத் தென்பட்ட வட்டு அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு. அதே ஆய்வில் செத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமலேயே செத்தன. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி மாட்டினாலும் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். அது டிக் டிக் என்று சொல்லிக்கொண்டு போகாது, திடீரென்று போய்விடும். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம்.

மறுபடி சுங்கை சிப்புட்

தம்பி சொல்வது சரிதான், அந்த முதல் ராத்திரி தூங்கப் போயிருக்கக் கூடாது. இப்போது ஒரு நகல் என்னிடம், ஒரு நகல் சுங்கைப் பட்டாணியில் அக்கா வீட்டில். பழைய மடிக்கணினியில் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றிவிட்டோம், கோயில் கணக்குக்குத் தாராளம். பழைய வட்டை அம்மா தூக்கிப் போட விடவில்லை. ரசீதுக் கட்டுமேல் பாரமாக இருக்கிறது. கழற்றிய எட்டு ஆணியில் ஏழுதான் திரும்பக் கிடைத்தது. ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது.