மறு: மறு: நொதி ‘வெளிப்பாடு’ – வேறு சொல் உண்டா?

அன்புள்ள நண்பர்களே,
கரு வளர்ச்சி பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கருவின் கல்லீரலில் சிஒய்பி3ஏ7 என்ற நொதி ஏராளமாக இருக்கும்; குழந்தை பிறந்தபின் அது மெல்ல வடிந்து, அதன் உறவு நொதியான சிஒய்பி3ஏ4 அந்த இடத்தைப் பிடிக்கும். மரபணுவில் உள்ள செய்தி இப்படி நொதியாக மாறுவதை ஆங்கிலத்தில் எக்ஸ்பிரஷன் என்பார்கள். அதை ‘வெளிப்பாடு’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். “நொதி எதிலிருந்து வெளியே வருது?” என்று ஒரு மாணவி கேட்டாள். அது உயிரணுவுக்குள்ளேயே இருந்து வேலை பார்க்கிற நொதி. என்ன சொல்ல?

-----

‘மெய்ப்பாடு’ இருக்க ஏன் அலைகிறீர்கள்? மரபணுவில் எழுத்தாகக் கிடந்தது மெய்யில் படுகிறது, உடம்பாகிறது. பாரதி ‘மெய்ப்பட வேண்டும்’ என்றதும் இதே வினைதான்.

-----

ஐயா, தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவது, எட்டு. நகையில் தொடங்கி உவகையில் முடிகிறது. கல்லீரல் இதில் எதைக் காட்டுகிறதாம்? தமிழ் படித்தவர் சிரிப்பார், படிக்காதவர் விழிப்பார். ‘உருவாக்கம்’ போதும்.
அப்புறம், நொதியா நொதியமா என்று யாராவது கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன். என்சைம் என்ற பெயரே கிரேக்கத்தில் ‘புளித்த மாவுக்குள்’ என்ற பொருளில் பிறந்தது. நொதித்தலிலிருந்து நொதி. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. இலங்கைப் பாடநூல்களின் ‘நொதியம்’ அதற்குத் தம்பி.

-----

‘உருவாக்கம்’ தப்பு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான மரபணு முதல் உயிரணுவிலேயே இருக்கிறது. நொதியின் அளவு ஏறுவதோ கருப்பையின் கடைசி மாதங்களில்தான். பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றத் தயார்செய்யும் நொதி பிறந்த பிறகும் சோம்பிக் கிடக்கும். பச்சிளம் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வர அதுவும் ஒரு காரணம். எப்போது திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது என்பதல்லவா செய்தி? உருவாக்கம் என்றால் அது போய்விடுகிறது.
‘வெளி’யைக் கண்டு ஏன் பயம்? உண்மை வெளிப்பட்டது என்கிறோம், அது எந்த வீட்டு வாசலைத் தாண்டியது? வெளிப்படை என்பதில் உள்ள வெளிதான் இது.
எட்டு வாரத்துக்குப் பிறகு ‘கரு’ என்றும் எழுதாதீர்கள், ‘முதிர்கரு’. மாணிக்கவாசகர்கூட திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில், கருப்பையில் இருந்த காலத்தை மாதம் மாதமாக எண்ணித்தான் பிழைத்துவருகிறார்.

-----

திருஅகவலுக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். அங்கே முதல் மாதத்துக்கே தான்றி வருகிறது. அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

-----

நன்றி. இன்று வியாழன், இரவு பதினொன்று. ‘வெளிப்பாடு’ என்றே வைத்துவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் “உயிரணுவுக்குள்” என்று சேர்த்திருக்கிறேன். ‘முதிர்கரு’வையும் எடுத்துக்கொண்டேன். இன்னும் பேச விரும்புவோர் பேசலாம், கோப்பு போய்விட்டது.

-----

போகட்டும். ஆனால் உள்ளே இருப்பதை வெளி என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே உள்ளே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாணவி மறுபடி கேட்பாள். மெய்ப்பாடு என்றால் அந்த ஒட்டு தேவைப்பட்டிருக்காது.