சவுக்கு விறகை நம்பி பாய்லர் ஓட்டலாமா?

தண்டையார்பேட்டை வாசகர்:
மாதவரத்தில் நாங்கள் நடத்தும் சலவை ஆலையின் பாய்லர் ஃபர்னஸ் ஆயிலில் ஓடுகிறது. பொன்னேரி அருகே உள்ள 12 ஏக்கர் குடும்ப நிலத்தில் சவுக்கு வைத்து அந்த விறகிலேயே ஓட்டலாம் என்கிறார் அண்ணன். மலைவேம்பு இன்னும் வேகமாக வளரும் என்கிறார் நாற்று விற்பவர். எரிபொருளாக மதிப்பிட எதை அளக்க வேண்டும்? இதைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியுமா?

கொடுங்கையூர் வாசகர்:
மரத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள். ஓர் ஏக்கரில் ஓராண்டில் சேரும் உலர்ந்த எடையைப் பாருங்கள். முழுதும் உலர்ந்த மரம் எதுவானாலும் கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி தரும். பாதி எடை நீராக இருக்கும் பச்சைக் கட்டையோ 2,000 அளவில்தான் பயன்படும். அடி, நடு, நுனி மூன்றிலும் வில்லை வெட்டி, அன்றே எடை போட்டு, 105 பாகை வெப்பத்தில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தினால் ஈரம் தெரிந்துவிடும். மலைவேம்பு இலேசான மரம். சவுக்கு கனமானது என்பதால் அதே இடத்தில் அதிக வெப்பத்தை அடுக்கலாம். பட்டை நீங்கிய கட்டையில் சாம்பல் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நம் நாட்டு நிலக்கரியில் அது 30 விழுக்காட்டையும் தாண்டும் என்பதைக் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்தே பழகிய கொசஸ்தலை ஆற்றோரம் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மீஞ்சூர் விவசாயி:
நீர் பாய்ச்சிய நல்ல நிலத்தில் நான்கு ஆண்டில் ஏக்கருக்கு 40 டன் பச்சை எடை எதிர்பார்க்கலாம். மானாவாரியில் வெகுவாகக் குறையும். ஆண்டுக்கு மூன்று ஏக்கர் வீதம் வெட்டினால் 120 டன், காற்றில் உலர்த்தியபின் கொஞ்சம் ஈரத்தோடு 80 டன், அதாவது சுமார் 25 டன் ஃபர்னஸ் ஆயிலுக்கு ஈடு. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கடல்நீர் ஏறிவிட்டது. சவுக்கு ஓரளவு உப்பைத் தாங்கும், வேர் முடிச்சுகளால் காற்றிலிருந்தே தழைச்சத்தும் எடுத்துக்கொள்ளும். ஆனால் நாட்டுச் சவுக்கு வெட்டிய அடியிலிருந்து நம்பித் துளிர்க்காது, ஒவ்வொரு முறையும் புதிதாக நட வேண்டும்; நடாமல் விட்ட நிலத்தின் விறகைப் புதுப்பிக்கத்தக்கது என்று சொல்வது சரியல்ல. நேரான கம்புகளைக் கட்டடச் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் விற்றுவிட்டு, நுனியையும் அடிக்கட்டையையும் எரிப்பதே இங்கு வழக்கம். விலையும் அப்படித்தான் கட்டுப்படியாகும். பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குள் சேர்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்:
இருவருக்கும் நன்றி. பில்களைக் கூட்டிப் பார்த்தேன். ஆண்டுக்கு 60 டன் ஆயில் ஆகிறது. எங்கள் நிலம் பாதிக்கும் காணாது. ஆகவே முதலில் விறகுத் தொட்டியில் ஒரு லோடு வாங்கி, ஈரத்தை அளந்து பார்த்த பின்பே நாற்றுக்கு முன்பணம் தருவதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.