மனம் கேட்கும் பிள்ளைகளின் கதையில் காயம் எப்படி ஆற வேண்டும்?

நெய்தல்நிலா எழுதியது:

முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறர் மனதில் ஓடுவதைக் கேட்கும் ஆற்றலோடு பிறக்கும் பிள்ளைகளை, பதினான்கு வயதானதும் அரசு பிடித்துக்கொண்டுபோய் ஒரு விடுதியில் அடைக்கிறது. கயலும் அமுதனும் அங்கேதான் காதலிக்கிறார்கள். கயலின் மனதில் என்ன ஓடுகிறது என்று வாரந்தோறும் எழுதித் தரச் சொல்லி அதிகாரிகள் அமுதனை மிரட்டுகிறார்கள். தங்கையை என்ன செய்வார்களோ என்ற பயத்தில் அவனும் எழுதுகிறான். ஆட்சி கவிழ்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் சந்திக்கிறார்கள். அவன் தன் மனதை முழுவதுமாகத் திறந்து காட்டுகிறான், அவள் ஒரே நொடியில் புரிந்துகொண்டு மன்னிக்கிறாள் என்று முடித்திருக்கிறேன்.

படித்த நண்பர்கள் கண்கலங்கினார்கள். எனக்குத்தான் அந்த அத்தியாயத்தில் மனம் ஒட்டவில்லை. இப்படி வதைபட்டவர்கள் உண்மையில் எப்படி மீண்டுவருகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதாணி எழுதியது:

முடிவை மாற்றாதீர்கள். பேச்சே தேவையில்லாமல் இரண்டு மனம் கலப்பதைவிடப் பெரிய காதல் எது? அவ்வளவு துன்பப்பட்ட பிள்ளைகளுக்கு அதையாவது கொடுங்கள்.

ஸ்ப்ரே நதிக்கரை எழுதியது:

நான் பெர்லினில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். மருதாணி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மனதைப் படிக்கும் ஆற்றல் இல்லாமலே அந்த வேலையைச் செய்து பார்த்த ஓர் அரசு இந்த ஊரில் இருந்தது. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியில் 1989-இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் சுமார் 1,89,000 பேர். அடுத்த வீட்டுக்காரர், உடன் படித்தவர், சில குடும்பங்களில் கணவரே. அந்தப் பட்டியலில் 18 வயது நிரம்பாத பிள்ளைகளும் உண்டு.

1976-இல் அவர்கள் ஓர் உத்தரவு போட்டார்கள். பிடிக்காதவரைச் சிறையில் போடாமலே உள்ளுக்குள் நொறுக்குவது எப்படி என்பதுதான் அதன் சாரம். வதந்தி பரப்புவார்கள், பொய்க் கடிதம் போடுவார்கள், ஆளில்லாத வீட்டில் நுழைந்து பொருள்களை இடம் மாற்றி வைப்பார்கள். நெருங்கியவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டும் என்பது எழுதிவைத்த திட்டம். இதற்கென்று போட்ஸ்டாமில் இருந்த தங்கள் கல்லூரியில் உளவியல் பாடமே நடத்தினார்கள். அமுதனை எழுத வைக்கும் உங்கள் அதிகாரிகள் எனக்குக் கற்பனையாகத் தெரியவில்லை.

உங்கள் விடுதியும் அப்படித்தான். எல்பே நதிக்கரையில் உள்ள டோர்காவ் நகரில், 1964 முதல் 1989 வரை, 14 முதல் 18 வயதுவரையுள்ள நாலாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளை மதில் சூழ்ந்த ஒரு கட்டடத்தில் அடைத்தார்கள். அதை நடத்தியது கல்வி அமைச்சகம்! நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. வேறொரு விடுதியிலிருந்து ஓடிப்போயிருந்தால் போதும். வந்ததும் முடியை வெட்டி, முதல் சில நாட்கள் தனி அறையில் பூட்டிவைப்பார்கள். கதவு திறந்தால் விறைப்பாக நின்று பெயரைச் சொல்ல வேண்டும்.

எங்கள் இல்லத்தில் ஓர் அம்மா இருக்கிறார். இளவயதில் அப்படி ஓரிடத்தில் இருந்தவர். முன்பெல்லாம் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலோடு எழுந்து நின்றுவிடுவார். பார்க்கவே தாங்காது. இப்போது நாங்கள் கதவைத் தட்டிவிட்டு, அவர் வரலாம் என்று சொல்லும்வரை வெளியிலேயே நிற்கிறோம். சில நாள் "இப்போது வேண்டாம்" என்பார். மாத்திரை தாமதமாகத்தான் போகும், போகட்டும். அப்படி மறுத்த நாட்களில்தான் அவர் மதியம் தோட்டத்துக்கு வந்து உட்கார்கிறார், மற்றவர்களோடு பேசுகிறார்.

அதனால் சொல்கிறேன். வாழ்நாள் முழுவதும் திறந்து கிடந்த மனம் கயலுடையது. அதைக் குணப்படுத்த இன்னொருவர் மனதை உள்ளே கொண்டுவந்து கொட்டாதீர்கள். அவளுக்கு ஒரு கதவு கொடுங்கள். அமுதனால் எல்லாவற்றையும் கேட்க முடியும். கேட்காமல் வெளியே நிற்கட்டும். அவள் அன்றைக்கே திறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இன்னொன்று. ஸ்டாசி கோப்புகளை 1992 ஜனவரி முதல் உரியவர்கள் படிக்க முடிந்தது. எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த வேரா வோலன்பெர்கர், 'டொனால்ட்' என்ற பெயரில் தன்னைப் பற்றித் தகவல் கொடுத்துவந்தவர் தன் கணவரே என்று தெரிந்துகொண்டார். அந்தத் திருமணம் முறிந்தது. கோப்பில் புனைபெயர்தான் இருக்கும். உண்மைப் பெயர் வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அமுதன் எழுதியதைக் கயல் முதலில் தாளில் படிக்கட்டும். அவனைப் பார்ப்பது பிறகு.

வைகைக்கரை எழுதியது:

மனநல ஆலோசகர் என்ற முறையில் ஒரு வரி: முதலில் பாதுகாப்பு, பிறகுதான் பழையதைப் பேசுவது. ஆனால் எல்லோருக்கும் மௌனம் மருந்தாகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். அரசு, "உனக்கு நடந்தது அநியாயம்" என்று வாய்விட்டுச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

ஸ்ப்ரே நதிக்கரை எழுதியது:

உண்மை. டோர்காவில் அடைத்ததே சட்டத்துக்குப் புறம்பானது என்று பெர்லின் நீதிமன்றம் 2004-இல்தான் சொன்னது. அங்கே இருந்த பிள்ளைகளில் பலருக்கு அதற்குள் நடுவயது ஆகியிருந்தது.

நெய்தல்நிலா எழுதியது:

கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுதப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். கதவு என்று வைத்துவிட்டால் விடுதிக்குள் இவர்கள் காதலிப்பது எப்படி? காவலர்களும் மனம் கேட்பவர்கள்.

ஸ்ப்ரே நதிக்கரை எழுதியது:

பெர்லினில் ஸ்டாசி நடத்திய ஹோஹென்ஷோன்ஹாவுசன் சிறையில் கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே விடமாட்டார்கள். அவர்கள் சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஒரு தட்டு என்றால் முதல் எழுத்து, இரண்டு தட்டு என்றால் இரண்டாவது. முகம் தெரியாமலே சிநேகம் வளர்ந்தது. மனதில் ஓடுவது தானாக ஓடுகிறது. தட்டுவதை ஒருவர் தேர்ந்தெடுத்துத் தட்டுகிறார். உங்கள் பிள்ளைகளுக்கும் அது பிடித்திருக்கும்.

நெய்தல்நிலா எழுதியது:

நம் எழுத்து 247 ஆயிற்றே என்று யோசித்தேன். முதலில் மெய்யின் எண், சற்று நிறுத்தி உயிரின் எண் என்று வைத்துக்கொண்டால் சரியாக வருகிறது. கயல் என்று கூப்பிட ஒன்று, ஒன்று, பதினொன்று, ஒன்று, கடைசியில் வெறும் பதின்மூன்று. மொத்தம் இருபத்தேழு தட்டு. காவலர் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அமுதனால் அதை முடித்துவிட முடியும்.