குடும்பக் குழு: நிலாவின் பாடத் தேர்வு

அம்மா: கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுச் சமுதாயக் கல்லூரியான டி ஆன்சாவில் நிலாவின் இரண்டாம் ஆண்டுப் பாடப் பதிவு நாளைக் காலை தொடங்குகிறது. அடுத்த ஆண்டு பட்டப்படிப்பை முடிக்க பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமானால் எவற்றை எடுப்பது என்று இன்றிரவே முடிவு செய்ய வேண்டும். தங்கச்சி, நீதான் வழி சொல்ல வேண்டும்.

சித்தி: அக்கா, கல்லூரிப் பாடங்களைப் பல்கலைக்கழகப் பாடங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் பெர்க்லி கேட்கும் பாடம் இடப்பக்கமும், அதற்கு ஈடாக டி ஆன்சாவில் உள்ள பாடம் வலப்பக்கமும் இருக்கும், ஈடான பாடம் இல்லையென்று வலப்பக்கம் போட்டிருந்தால் அதைத் தேடி அலைய வேண்டாம். பெர்க்லியில் ஆண்டுக்கு இரண்டு பருவம் கொண்ட செமஸ்டர் முறை, டி ஆன்சாவில் மூன்று பருவம் கொண்ட குவார்ட்டர் முறை என்பதால் அங்குள்ள இரண்டு பாடங்கள் இங்கே மூன்றாகப் பிரிந்திருக்கலாம். மூன்றில் ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் கணக்கில் சேராமல் போகக்கூடும். ஆகவே, தொடங்கிய தொடரை அதே கல்லூரியில் முடித்துவிடுவதே நல்லது.

மதுரை பெரியப்பா: குழந்தையை ஏன் இப்படி இரண்டு கல்லூரிகளுக்கு அலைக்கழிக்கிறீர்கள்? நேராகப் பொறியியலில் சேர்க்கும்படி அன்றே சொன்னேன்.

அப்பா: அண்ணா, டி ஆன்சாவில் ஒரு யூனிட் பாட அளவுக்கு 31 டாலர்தான். பட்டம் தரப்போவது பெர்க்லி.

அத்தை: உங்கள் பெரியவன் படிப்புக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான், அண்ணா. இவளுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

மதுரை பெரியப்பா: அந்தப் பேச்சை இங்கே எடுக்காதே.

நிலா: பெரியப்பா, கட்டடக்கலை, நிலத்தோற்ற வடிவமைப்பு, நகரத் திட்டமிடல் மூன்றையும் ஒன்றாக்கி 1959இல் தொடங்கியது பெர்க்லியின் சூழல் வடிவமைப்புக் கல்லூரி, அதில்தான் சேரப் பார்க்கிறேன். மழைநீர் தேங்காத தெருக்களையும் நிழலுள்ள பூங்காக்களையும் வடிவமைக்க நான் உண்மையாகவே விரும்புகிறேன். சித்தி, கால்குலஸ், இயற்பியல், வரைகலை மூன்றையும் சேர்த்து எடுக்கலாமா?

அம்மா: சாப்பாட்டு மேசை முழுவதும் இவள் அட்டையில் வெட்டி ஒட்டிய பூங்காதான் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் தூங்கவே மாட்டாள்.

சித்தி: வரைகலை வகுப்பு நேரத்தை விழுங்கும், கண்ணு. கால்குலஸ் தொடர் நின்றுபோனால் பின்னால் வரும் இயற்பியலும் தள்ளிப்போகும் என்பதால் அதை விடாதே. இரண்டாவது ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் வசந்த காலத்துக்குள் முடித்தாக வேண்டும். மாறுவதற்கு மொத்தம் 90 குவார்ட்டர் யூனிட் தேவை. பொதுப்பாடங்களை முழுவதுமாக முடிப்பதைவிடத் துறைக்கான பாடங்களை முடிப்பதே முக்கியம் என்பது என் கருத்து. நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் உறுதி என்னும் உத்தரவாதச் சேர்க்கையைப் பெர்க்லி தருவதில்லை, டேவிஸ் பல்கலைக்கழகம் தருகிறது. அதற்குச் செப்டம்பர் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்குள்ள நிலைத்த சூழல் வடிவமைப்புத் துறைக்கும் அது பொருந்துமா என்று ஆலோசகரிடம் கேள்.

அத்தை: கார்த்திகையில் இங்கே கல்யாணம் இருக்கிறதே, நிலா வருவாள் அல்லவா?

அப்பா: நவம்பர் இறுதியில் பொது விண்ணப்பக் கெடு முடிகிறது. அனுப்பிவிட்டே விமானம் ஏறுவாள்.

மதுரை பெரியப்பா: டேவிஸ் என்பது எங்கே இருக்கிறது? வீட்டிலிருந்து போய்வர முடியுமா?

சித்தி: ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம், அத்தான். விடுதியில்தான் தங்க வேண்டும்.

அம்மா: அதைப் பிறகு பேசுவோம். நாளைக்குக் கால்குலஸும் ஆங்கிலமும் உறுதி. இயற்பியலா வரைகலையா என்பதை ஆலோசகரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

நிலா: வரைகலைக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அம்மா.